கலங்களை மட்டும் எண்ணாதீர்கள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். உடற்பகுதிகளை இணைத்துத் தாங்கும் தொடுப்பிழையம் பற்றிய விடைத்தாள்களில் ஒரே பிழைதான் பல வேடத்தில் வரும். கலங்களின் (செல்களின்) பெயரை வரிசையாக எழுதுவார்கள், கலங்களுக்கு இடையில் கிடப்பதை மறந்துவிடுவார்கள்.

மேற்பரப்புகளை மூடும் மேலணியிழையத்தில் கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தொடுப்பிழையம் ஒடியல் கூழ் மாதிரி. மீனும் நண்டும் பயற்றங்காயும் அங்கங்கே கிடக்கும், மற்றதெல்லாம் கூழ். அந்தக் கூழுக்குத்தான் தாயம் என்று பெயர். நாரரும்பர்க் கலங்கள் கொலாசன் என்ற புரத நாரைச் சுரந்து அதற்குப் பலம் கொடுக்கின்றன. கோழிக்கால் நுனியில் வெள்ளையாக, வழுவழுவென்று இருக்கிறதே, அது கசியிழையம். அதற்குள் குருதிக் குழாய் கிடையாது. காயப்பட்டால் ஆற நாளெடுப்பது அதனால்தான்.

"சேர், இரத்தம் தண்ணியாத்தானே இருக்கு, அது எப்பிடி இழையம்?" குருதியும் ஒரு தொடுப்பிழையம் என்று சொன்னதும், ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. குருதியின் தாயம் திரவவிழையம், அதாவது பிளாஸ்மா. குருதியில் ஏறக்குறைய 55 சதவீதம் அதுதான், அதிலும் 90 சதவீதம் நீர். சரி, நார் எங்கே? பைபிரினோசன் என்ற புரதமாகக் கரைந்து இருக்கிறது. ஆடு அடிக்கும்போது வறைக்காகச் சட்டியில் இரத்தம் பிடிப்பார்கள் அல்லவா? அதை உடனே ஈர்க்குக் கட்டால் கலக்கிப் பாருங்கள், நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வரும். கழுவினால் வெள்ளையாகிவிடும். பைபிரினோசன் நாராக மாறியதுதான் அது, பெயர் பைபிரின்.

செங்குழியத்துக்கு (சிவப்பு இரத்த அணுவுக்கு) கரு இல்லை என்று பொதுவாக எழுதாதீர்கள். முலையூட்டிகளில்தான் இல்லை. ஊர்க்கோழிக்கும் குளத்து விராலுக்கும் கரு உண்டு. நம்முடைய செங்குழியம் கருவில்லாமலே சுமார் 120 நாள் ஓடிவிடும்.

குருதிச் சிறுதட்டை (பிளேட்லெட்டை) முழுக் கலம் என்று எழுதுவதும் பிழை. என்பு மச்சையிலுள்ள பெரிய கலங்கள் உதிர்க்கும் துண்டுகள் அவை. ஒரு கன மில்லிமீற்றரில் ஒன்றரை இலட்சம் முதல் நாலு இலட்சம் வரை இருக்கும்.

கலங்களை மட்டும் எண்ணுகிற பிழை வீட்டுக்குள் வருவது மாரியில், டெங்கோடு. வன்னியில் அப்போது எல்லார் வாயிலும் 'பிளேட்லெட்' என்ற சொல்தான். அந்த எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பெரிய ஆபத்து வேறிடத்தில். மயிர்த்துளைக் குழாய்கள் என்ற மிக நுண்ணிய குருதிக் குழாய்கள் கசியத் தொடங்கித் திரவவிழையம் வெளியே போய்விடும். அதனால் குருதி தடித்து, அறிக்கையில் பி.சி.வி., அதாவது குருதியில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு, ஏறும். "இரத்தம் கூடியிருக்கு, நல்லதுதானே" என்று ஓர் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். இரத்தம் கூடவில்லை, கூழ் வற்றியிருக்கிறது. உடல் நோவுக்கு அஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுத்தால் இரத்தக் கசிவு ஆபத்தும் சேரும். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் தொடங்கும். நம் ஆட்களோ, மேல் குளிர்ந்துவிட்டது என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தரச்சொல்லி நிற்பார்கள்.