கடற்கரை மணலை எஸ்இஎம், எக்ஸ்ஆர்டிக்குத் தயார் செய்வது எப்படி?

காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கோ, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ முதல்முறையாகச் சாம்பிள் எடுத்துப் போகிறீர்களா? எஸ்இஎம் என்பது எலக்ட்ரான் கற்றையால் துகளைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி. எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ்-கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்து என்ன கனிமம் என்று காட்டும் கருவி. இவற்றை இயக்க அங்கே ஆள் உண்டு. சாம்பிளைச் சரியாகத் தயார் செய்வது நம் பொறுப்பு, பாதி ரிசல்ட் அதில்தான் இருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினத்து மணலையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கழுவுங்கள். நான் முதல் தடவை கழுவாமல் கொடுத்துவிட்டு, எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 31.7 டிகிரி கோணத்தில் வந்த பீக் (உச்சி) எந்தக் கனிமம் என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அது கடல் உப்பு. டிஸ்டில்டு வாட்டரில் நான்கைந்து முறை அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள், வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் போகவில்லை. அப்புறம் ஆய்வக அடுப்பில் (ஓவன்) 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் ஈரம் அதிகம்.

இப்போது மணலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஆர்டிக்கான பாதியை அகேட் என்ற கடினக் கல்லால் ஆன கல்வத்தில் அரைக்க வேண்டும், விரலில் தேய்த்தால் நெறநெறப்பே தெரியக்கூடாது. பொடி கொரகொரப்பாக இருந்தால் சரியான கோணத்தில் அமையும் படிகங்கள் குறைந்து, பீக்கின் உயரத்தை நம்ப முடியாமல் போகும். ஹோல்டரில் பொடியை விளிம்புக்குச் சமமாக நிரவுங்கள். மேடோ பள்ளமோ இருந்தால் பீக் நகர்ந்துவிடும். காப்பர் கதிரில் (செம்பிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்) குவார்ட்ஸின் பெரிய பீக் 26.6 டிகிரியில் வரும், மணலில் குவார்ட்ஸ்தான் நிறைய என்பதால் அதை வைத்தே சரிபார்க்கலாம். கறுப்பு மணல் கலந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரும்பு இருந்தால் காப்பர் கதிரில் பின்னணி இரைச்சல் ஏறும்.

எஸ்இஎம்முக்கான பாதியை அரைக்காதீர்கள். ஸ்டப்பில் (சாம்பிளை வைக்கும் சிறு உலோக மேடை) கார்பன் டேப் ஒட்டி, கையுறையோடு சில மணல்களை மட்டும் தூவி, ஒட்டாததை ஊதுகுமிழால் ஊதிவிடுங்கள். குவார்ட்ஸ் மின்சாரம் கடத்தாது, எலக்ட்ரான்கள் அதன்மேல் தேங்கிப் படம் வெளுத்து நகரும். அதற்குத்தான் சில நானோமீட்டர் தங்கப் பூச்சு.

ஆனால் இடிஎஸ்ஸில் (எஸ்இஎம்மோடு இணைந்து, வெளிவரும் எக்ஸ்-கதிரின் ஆற்றலை வைத்து என்ன தனிமம் என்று காட்டும் கருவி) பாஸ்பரஸோ கந்தகமோ தேடுபவர்கள் தங்கம் வேண்டாம், கார்பன் பூச்சு கேளுங்கள். பாஸ்பரஸின் பீக் 2.01, கந்தகத்தின் பீக் 2.31 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். தங்கத்தின் பீக் 2.12இல் வந்து இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும்.

சாம்பிள் எண்ணைப் புட்டியின் மேலேயே எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும்.