சீருடையும் தொப்பியும்: எப்போது போடுவது, எப்போது கழற்றுவது?

சீருடை கைக்கு வந்த முதல் வாரத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அணிவகுப்பு மைதானம் இல்லை, கதவுதான். உள்ளே நுழையும்போது தொப்பி தலையில் இருக்கலாமா, வெளியே வந்ததும் எத்தனை அடிக்குள் போட வேண்டும், கழற்றியதை எங்கே வைப்பது, எதிரே அதிகாரி வந்தால் என்ன செய்வது என்று எல்லாக் கேள்வியும் அந்த ஒரே நொடியில் வந்து நிற்கும். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆண்டுகளில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதனால் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளும்படி வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படைகளுக்கும் பொதுவான ஒரே விதிப்புத்தகம் கிடையாது. பெரும்பாலான படைகளில் பொதுவாக இருப்பதை இங்கே தருகிறேன். வழக்கம் மாறும் இடங்களில் அதையும் சொல்கிறேன். உங்கள் படையின் விதி வேறாக இருந்தால் அதுதான் முடிவு.

படி 1: கிளம்பும் முன் கண்ணாடி

கீழிருந்து மேலே பாருங்கள். பலரும் மேலிருந்து பார்க்க ஆரம்பித்து, முகம் சரியாக இருந்தால் திருப்தியாகிக் கிளம்பிவிடுவார்கள். ஷூவின் பின்பக்கம் பாலிஷ் இல்லாமல் போவது இப்படித்தான். ஷூ, பேண்ட் மடிப்பு, பெல்ட், பொத்தான்கள், பெயர்ப்பட்டை, பதவிச் சின்னம், கடைசியாகத் தொப்பி. சட்டையின் முன்னோரம், பக்கிளின் ஓரம், பேண்ட் ஜிப்பின் மடிப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். விரல் அகலம் விலகினாலும் எதிரில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

சட்டைப் பைக்குள் எதையும் திணிக்காதீர்கள். போன், பர்ஸ், சாவிக்கொத்து எதுவாக இருந்தாலும் புடைத்துக்கொண்டு நின்றால் மடிப்பு போய்விடும்.

படி 2: பெரே தொப்பியைத் தலைக்குப் பழக்குவது

விளிம்பில்லாத கம்பளித் தொப்பியான பெரே, புதிதாகப் பெட்டியிலிருந்து வரும்போது தட்டையான வட்டமாக, விறைப்பாக இருக்கும். அதை அப்படியே போட்டால் தலையில் தட்டைக் கவிழ்த்தது போலத்தான் இருக்கும். இதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள்.

முதலில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பளிப் பஞ்சை ஒரு ரேஸரால் மிக மெதுவாக, ஒரே திசையில் சிரையுங்கள். அழுத்தினால் ஓட்டை விழுந்துவிடும். பிறகு கம்பளிப் பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். அடியோரத்தைச் சுற்றியிருக்கும் தோல் பட்டை முடிந்தவரை நனையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கையால் பிழிந்து தண்ணீரை எடுங்கள், முறுக்க வேண்டாம்.

அப்புறம் கண்ணாடி முன் நின்று போடுங்கள். தோல் பட்டை புருவத்துக்குச் சுமார் இரண்டு விரற்கடை மேலே, தலையைச் சுற்றிலும் சமமட்டமாக இருக்க வேண்டும். சின்னம் பொருத்தும் இடம் இடது கண்ணுக்கு நேர் மேலே வரட்டும். மிச்சத் துணியை வலது பக்கம் இழுத்துக் காதை நோக்கிப் படியவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி நீவுங்கள். நன்றாக உலரும்வரை தலையிலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் கம்பளி சுருங்கி, தொப்பி சின்னதாகிவிடும். காய்ந்த பிறகு பின்பக்க நாடாவை அளவாக இறுக்கி முடிந்து, நுனிகளைப் பட்டைக்குள் செருகிவிடுங்கள். நாடா பின்கழுத்தில் தொங்கினால் அவ்வளவு உழைப்பும் வீண்.

இடது கண்ணுக்கு மேல் சின்னம் என்பது எல்லா நாட்டு வழக்கமும் அல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் துணியை இடப்பக்கம் இழுத்து, சின்னத்தை வலப்பக்கம் வைப்பார்கள். ஆனால் அதே பிரான்ஸின் கடற்படைக் கமாண்டோக்கள் பிரிட்டிஷ் முறையில் வலப்பக்கம் இழுத்துப் போடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களோடு சேர்ந்து பயிற்சி பெற்றுப் போரிட்டவர்களின் வழி வந்த பிரிவு அது.

விளிம்பே இல்லாத இந்தத் தொப்பி படைகளுக்குள் பரவியதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பிரிட்டனின் டேங்க் படை 1924-இல் கறுப்பு பெரேயை ஏற்றுக்கொண்டது. குறுகிய டேங்குக்குள் விளிம்புத் தொப்பி எதிலாவது இடிக்கும், குறிபார்க்கும் கருவியில் கண்ணை வைக்கவும் விடாது. எண்ணெய்க் கறை கறுப்பில் தெரியாது. கௌரவச் சின்னமாக இன்று நாம் தலையில் வைப்பது முதலில் வேலைக்கென்று வந்த ஒரு தொப்பி. அதனால் எனக்கு அதன் மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பீக் கேப், அதாவது நெற்றிக்கு மேல் முன்விளிம்பு நீண்டிருக்கும் தொப்பி என்றால் வேலை குறைவு. நேராக, மட்டமாக வையுங்கள். பின்னால் சாய்த்துப் போடுவது சோம்பலாகத் தெரியும். கூந்தலைக் கொண்டையாகக் கட்டுபவர்கள் கொண்டையைத் தொப்பியின் கீழ் விளிம்புக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள். மேலே கட்டினால் தொப்பி முன்னால் தள்ளிக்கொண்டு வரும்.

படி 3: வாசல்

அடிப்படை விதி ஒரே வரி: கூரைக்கு வெளியே தொப்பி தலையில், கட்டிடத்துக்கு உள்ளே தொப்பி கையில்.

இதைப் பழகுவதற்கு நான் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். வெளியே போகும்போது கதவைத் திறக்கும் *முன்பே* தொப்பியைப் போட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். உள்ளே வரும்போது வாசற்படியைத் தாண்டி ஒரு அடி வைத்த *பிறகு* கழற்றுங்கள். இரண்டு வேலையும் கட்டிடத்தின் உள்பக்கத்திலேயே முடிந்துவிடும். வெளியே நடந்துகொண்டே தொப்பியைத் தடவித் தடவிச் சரிசெய்யும் காட்சி இல்லாமல் போகும். பின்னால் வருபவருக்கு வழி மறிக்காமல் ஒரு ஓரமாக நில்லுங்கள், அவ்வளவுதான்.

கழற்றுவது எந்தக் கையால் என்றாலும் சேர வேண்டியது இடது கைக்கு. வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும், சல்யூட் அடிப்பது அந்தக் கைதானே. இதே காரணத்தால் பையும் கோப்பும் குடையும் இடது கையில்தான். புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இது: வலது கையில் பை, இடது கையில் போன், எதிரே அதிகாரி. பாவம், அந்த நேரத்தில் எதைக் கீழே வைப்பது என்றே தெரியாது.

படி 4: கழற்றிய தொப்பியை எங்கே வைப்பது?

பீக் கேப் என்றால் இடது கைக்கும் விலாவுக்கும் நடுவில், முன்விளிம்பு முன்னால் பார்க்க, சின்னம் வெளியே தெரிய. உட்கார்ந்தால் மடியில், அல்லது அதற்கென்று உள்ள மாட்டியில். சாப்பாட்டு மேசை மேல் வைக்காதீர்கள். மடித்துப் பெல்ட்டில் செருகும் வகைத் தொப்பிகளும் உண்டு. பெரேயைத் தோள்பட்டிக்குள் செருகலாமா, பேண்ட் பக்கப் பையில் வைக்கலாமா என்பது படைக்குப் படை மாறும். கேட்காமல் செய்யாதீர்கள்.

படி 5: விதிவிலக்குகள்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஆயுதம் ஏந்திக் காவல் பணியில் இருப்பவர் கட்டிடத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை. அவர் அங்கே விருந்தாளி இல்லை, பணியில் நிற்கிறார். உள்ளரங்கில் நடக்கும் அணிவகுப்பு, கொடி ஏந்தும் அணி ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

பேருந்து, ரயில், விமானம், சொந்த வண்டி ஆகியவற்றில் தொப்பி கட்டாயமில்லை என்பது அமெரிக்க ராணுவ விதி. மற்ற பல இடங்களிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். இறங்கியதும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெட் விமானங்கள் ஓடும் தளத்தில் வெட்டவெளியாக இருந்தும் தொப்பி கூடாது என்பார்கள். காற்றில் பறந்த ஒரு தொப்பி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டால் இன்ஜினே சேதமாகும். தொப்பி இல்லாததால் அந்தப் பகுதியில் சல்யூட்டும் இல்லை என்று அறிவித்திருப்பார்கள். பலகையைப் பாருங்கள்.

கப்பலில் நோயாளிகள் படுத்திருக்கும் அறைக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றுவது அமெரிக்கக் கடற்படையின் பழைய மரபு, துன்பப்படுபவர்களுக்கும் சாவின் விளிம்பில் இருப்பவர்களுக்கும் காட்டும் மரியாதையாக வந்தது. எனக்குப் பிடித்த விதிகளில் முதலிடம் இதற்குத்தான். ராணுவ மருத்துவமனையின் படுக்கைப் பகுதிக்குள் நுழையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பாகை வேறு. சீக்கிய வீரரின் தலைப்பாகை அவருடைய நம்பிக்கையின் பகுதி. உள்ளே வந்தாலும் அதைக் கழற்றும் பேச்சே இல்லை, கழற்றச் சொல்வது பெரும் அவமதிப்பு. அமெரிக்காவில் விமானப்படை அதிகாரி ஒருவர் பணியில் யூதச் சிறுதொப்பி அணிந்தது வழக்காகி, 1986-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அடக்கமான மத அணிகளுக்கு இடம் கொடுத்தது. வழிபாட்டுத் தலங்களில் அந்த இடத்தின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். தலையைத் திறக்கச் சொல்லும் இடமும் உண்டு, மூடச் சொல்லும் இடமும் உண்டு.

படி 6: தொப்பியும் சல்யூட்டும்

இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் வீரர்கள் அதிகாரியைப் பார்த்தால் தொப்பியையே கழற்றினார்கள். 1745-இல் பிரிட்டனின் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவில் ஓர் உத்தரவு வந்தது: அதிகாரியைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டாம், தொப்பிவரை கையை உயர்த்திக் குனிந்தால் போதும். இன்றைய சல்யூட்டின் தொடக்கத்தை அதில் பார்க்கலாம்.

அதனால்தான் பிரிட்டிஷ் மரபில் வந்த படைகளில் தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பதில்லை. வெறுந்தலையாக இருக்கும்போது அதிகாரி வந்தால் விறைப்பாக நின்று, வாயால் வணக்கம் சொன்னால் போதும். அமெரிக்கக் கடற்படையிலும் பொதுவாக இப்படித்தான். ஆனால் அமெரிக்கத் தரைப்படையில் அதிகாரியின் அறைக்குள் போய் முறைப்படி ஆஜராகும்போது வெறுந்தலையுடனே சல்யூட் உண்டு.

படி 7: பொது இடத்தில்

சீருடையில் இருக்கும்போது உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது, உங்கள் படையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பைக்குள் கை விட்டு நிற்காதீர்கள். நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள், புகைக்காதீர்கள். போன் வந்தால் ஓரமாக நின்று பேசிவிட்டு நடங்கள். சீருடைச் சட்டையோடு ஜீன்ஸ், பேண்ட்டோடு டி-ஷர்ட் என்று கலக்க வேண்டாம். முழுதாகப் போடுங்கள், இல்லையென்றால் முழுதாகக் கழற்றிவிடுங்கள்.

அரசியல் கூட்டம், போராட்டம், விளம்பரப் படப்பிடிப்பு ஆகியவற்றுக்குச் சீருடையில் போகவே கூடாது. படை எந்தக் கட்சிக்கும் கடைக்கும் சொந்தமில்லை. இதில் மட்டும் நான் எந்தச் சலுகையும் சொல்ல மாட்டேன். திருமணம், இறுதிச் சடங்கு என்றால் எந்தச் சீருடை பொருத்தம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடை பிடிக்கலாமா என்பதும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்க மரைன் படையில் ஆண்களுக்கு அந்த அனுமதி 2019-இல்தான் வந்தது. அதுவும் சிறிய கறுப்புக் குடை, இடது கையில்.

படி 8: கழற்றிய பிறகு

பெரேயைச் சின்னம் அழுந்தாதபடி தட்டையாக வையுங்கள், ஆணியில் தொங்கவிட்டால் வடிவம் போய்விடும். பீக் கேப் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பழகாதீர்கள், கைவியர்வை பட்டுப் பளபளப்பு மங்கும். கிழிந்து பழசான சீருடையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் பெயர்ப்பட்டை, பதவிச் சின்னம், படைச் சின்னம் மூன்றையும் பிரித்து எடுத்துவிடுங்கள். தையல் பிரிக்கும்போது துணி கிழிந்தாலும் பரவாயில்லை.