ஐந்தரை மணித்தியாலம் முந்திய டோக்கன்

யாழ்ப்பாணத்தில் கடையொன்றின் கணினியில் ஓடும் செயலிக்கு டோக்கன் (கையொப்பமிட்ட டிஜிட்டல் அனுமதிச்சீட்டு) வழங்குவது பைஜேடபிள்யூடி என்ற பைதன் நூலகம். உருவாக்கிய கையோடு சரிபார்த்தால் ‘இம்மெச்சூர் சிக்னேச்சர் எரர்’, அதாவது டோக்கனின் நேரம் இன்னும் வரவில்லை என்ற பிழை. யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும் கிளவுட் சேவரில் இதே நிரல் ஒழுங்காக வேலை செய்தது. பெயரில் சிக்னேச்சர் இருக்கிறதே என்று கையொப்பமிடும் இரகசியச் சாவியை மாற்றப் போகாதேயுங்கோ. கையொப்பம் பிழைத்தால் ‘இன்வாலிட் சிக்னேச்சர் எரர்’ வரும்.

டோக்கனின் தரவுகள் இருக்கும் நடுப்பகுதியை பேஸ்64யூஆர்எல் என்ற எழுத்துக் குறியாக்கத்திலிருந்து விரித்துப் பார்த்தேன். ‘ஐஏடி’, அதாவது டோக்கன் வழங்கிய நேரம், உண்மை நேரத்தைவிடச் சரியாக 19800 செக்கன் கூட. அது இலங்கை நேரம் யூடிசியை முந்தும் 5 மணி 30 நிமிடம். நிரலில் நேரம் எடுக்கப் போட்டிருந்த ‘டேட்டைம்.நவ்()’ தருவது நேரவலயம் ஒட்டாத உள்ளூர் நேரம். பைஜேடபிள்யூடி அதை யூடிசி என்றே எடுத்து எண்ணாக்கிவிடும். இந்த டோக்கன்களுக்கான தரநிலையான ஆர்எஃப்சி 7519 கேட்பதோ 1970 ஜனவரி 1 யூடிசியிலிருந்து எண்ணிய செக்கன்கள். ‘டேட்டைம்.நவ்(டைம்ஸோன்.யூடிசி)’ என்று மாற்றியதும் சரிவந்தது.

நேர வித்தியாசத்துக்கு விடும் சலுகையான ‘லீவே’யை 19800 செக்கன் ஆக்கினாலும் பிழைச்செய்தி மறையும். ஆனால் காலாவதி நேரமான ‘ஈஎக்ஸ்பி’யும் அதே வழுவோடு இருப்பதால் 15 நிமிட டோக்கன் 5 மணி 45 நிமிடம் செல்லும், அந்த லீவேயும் சேர்ந்தால் 11 மணி 15 நிமிடம். கணினி நேரம் என்டிபி எனும் இணைய நேரச் சேவையோடு ஒத்திருந்தால் 30 செக்கன் லீவே தாராளம்.

டோக்கனை டீகோட் செய்து சரிபார்க்கும்போது, ஏற்கும் கையொப்ப முறைகளைச் சொல்லும் ‘அல்காரிதம்ஸ்’ பட்டியலில் எச்எஸ்256 என்ற முறையை மட்டும் போடுங்கோ. டோக்கனின் தலைப்பு (முதற்பகுதி) சொல்லும் முறையை எடுத்து அங்கே கொடுக்கக்கூடாது, அதை அனுப்புகிறவரே எழுதலாம்.