நாய்களுக்காக மாரத்தான் ஓடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்புக்காக மாரத்தான் ஓடி நிதி திரட்ட வேண்டும் என்று நினைப்பதே நல்ல மனசு. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கமிருந்து யாராவது அப்படிக் கிளம்பினால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் பெரும்பாலோர் ஷூ வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். அமைப்பிடம் உட்கார்ந்து பேசுவது கடைசிக்குப் போய்விடுகிறது. பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பம்.

முதலில் அவர்களுக்கு எதற்குப் பணம் தேவை என்று கேளுங்கள். கருத்தடைக்கா, வெறிநாய்த் தடுப்பூசிக்கா, வண்டியில் அடிபட்டு வரும் நாய்களின் சிகிச்சைக்கா? கருத்தடை செய்கிறவர்கள் என்றால், 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் தாங்களாகவே எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது பணம். சொந்த ஜிபே எண்ணைப் போட்டு "எனக்கு அனுப்புங்கள், மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், உங்கள் வீட்டுச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. கொடுத்தவர் பெயரில் ரசீதும் வராது. அமைப்பின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும்படி கியூஆர் கோடு வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதையெல்லாம் கேட்கும்போதே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

நம் கரையோர ஊர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், மனசாரக் கொடுக்கவும் செய்வார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அதே அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்புதான் அவர் பணத்தை வாங்க முடியும், அதுவும் அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில். தெரியாமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது அமைப்புதான். வாட்ஸ்அப் குழுவில் கியூஆர் கோடு போடுவதற்கு முன்பே இதை எழுதிவிடுங்கள்.

"42.195 கிலோமீட்டரையும் முடித்தால்தான் பணம்" என்று பந்தயம் போல அறிவிப்பதும் வேண்டாம். 30-வது கிலோமீட்டரில் முழங்கால் பிடித்துக்கொண்டாலும், நாய்களுக்கு வர வேண்டிய பணம் போய்விடுமே என்று நொண்டிக்கொண்டே ஓடுவீர்கள். நான் பாதியில் நின்றாலும் உங்கள் பணம் நாய்களுக்குத்தான் என்று முதல் நாளே சொல்லுங்கள். வலி தெரியாமல் இருக்க ஓடும் முன் வலி மாத்திரை போடுவது அதைவிட மோசம். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ரத்தம் வழியும் குட்டியின் படத்தைக் காலையும் மாலையும் அனுப்பினால் பார்ப்பவர்கள் குழுவை மியூட் செய்துவிடுவார்கள். குணமாகி எழுந்து நிற்கும் நாயின் படம் ஒன்று போதும். நாயைக் கண்டு பயப்படுகிறவர்களையும், வீட்டில் நாய் வளர்க்காதவர்களையும் இரக்கமில்லாதவர்கள் என்று பேசாதீர்கள். பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையைப் பற்றிய அவர்கள் கவலை நியாயமானது. ஒரு ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும். இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர்களும் கொடுப்பார்கள்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை நம் ஊரில் வில்லன் புழுக்கம்தான். வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. சித்திரை, வைகாசியில் நெடுந்தூரம் வேண்டவே வேண்டாம். தை, மாசியில் விடியுமுன் கிளம்புங்கள். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஓஆர்எஸ் கரைசலோ உப்புப் போட்ட மோரோ கூட வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் நிழலும் குறைவு, ஒதுங்கக் கடையும் குறைவு. அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசினால் முதுகைத் தள்ளிவிடும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று மணலோடு முகத்தில் அடிக்கும். பலத்தைப் போகும்போதே செலவழித்துவிடாதீர்கள். பத்துப் பேராகச் சேர்ந்து ஓடுவதானால், முக்கியமாகப் பாம்பன் பாலத்தில், காவல்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்ப்பு நாயைப் படத்துக்காக நெடுந்தூரம் கூட்டிக்கொண்டு ஓடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும்.

தெருநாய்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தங்கச்சிமடத்தில் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய் உங்களைப் பார்த்து எழுந்து, சோம்பல் முறித்து, வாலை ஆட்டிக்கொண்டே கூட ஓடி வரும். பார்க்க அழகாக இருக்கும், உடனே போனை எடுப்பீர்கள். அதன் எல்லை முடிகிற இடத்தில் காது பின்னுக்குப் படியும், வால் இறங்கும், ஆனாலும் உங்களை நம்பி வந்துகொண்டே இருக்கும். அடுத்த தெரு நாய்கள் நாலைந்து பாய்ந்து வந்தால் கடி வாங்குவது அதுதான், நீங்கள் போய்விடுவீர்கள். அது கூட வரத் தொடங்கியதுமே நின்றுவிடுங்கள். பேசாமல், கொஞ்சாமல், அதன் இடம்வரை திரும்பி நடந்து விட்டுவிட்டு ஓடுங்கள். வழியெல்லாம் பிஸ்கட் போடுவதும் அன்பில் செய்யும் கெடுதல்தான். நெடுஞ்சாலை ஓரம் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய நாய் அங்கேயே வண்டியில் அடிபடும்.

துரத்தினால் ஓடாமல் நில்லுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். கடித்துவிட்டால் ஓட்டம் அத்தோடு முடிந்தது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம்.

பங்குனி ஆமை என்னும் கடலாமை கரையேறி முட்டையிடும் மாதங்களில் விடியற்காலை மணலில் ஓடாதீர்கள், நாயையும் அங்கே இழுத்துப் போகாதீர்கள். நாய்கள் ஆமை முட்டையைத் தோண்டித் தின்கின்றன, இதை மறைக்க வேண்டியதில்லை. நாய்க் கருத்தடைக்குப் பணம் கேட்க இந்தக் கரையில் இதுவும் ஒரு நல்ல காரணம். தண்ணீர்ப் பாட்டிலையும் ஓடும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல்லின் உறையையும் பையில் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

ஓடி முடித்ததும் பதக்கத்தோடு படம் போட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள் உண்டு. கொடுத்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் மொத்தத் தொகையையும் அது எதற்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள். வரிச் சான்றிதழ் கைக்கு வர, நிதியாண்டு முடிந்து மே மாதக் கடைசிவரை ஆகலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவரை போன் வருவது உங்களுக்குத்தான்.