இறுகிப் பிடிச்ச நட்டை உடைக்காம கழட்டுறது

என்கிட்ட இருக்கறது ஒரு பழைய ஆல்டோ, வீட்டுல இருந்து கடல் நடந்து போற தூரம். உப்புக் காத்துல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தா சைலன்ஸர் பைப்புல ஆரம்பிச்சு எல்லாமே காவி கட்டிக்கிட்டு நிக்கும். வேலைன்னு பாத்தா பத்து நிமிஷ வேலைதான் இருக்கும், ஆனா அதுக்கு முன்னாடி நாலு நட்டு கழட்டணும், மூணு சமத்தா வந்துடும், நாலாவது இருக்கு பாருங்க, அது அன்னிக்கு ஞாயித்துக்கெழமைய மொத்தமா சாப்புட்டுடும்.

நான் முதல்ல உடைச்சது தெர்மோஸ்டாட் ஹவுசிங் போல்ட்டு, அதாவது இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்துற வால்வோட மூடில இருக்கறது. 10 நம்பர் ஸ்பானர் போடுற சின்ன போல்ட்டுதான். அசையலன்னதும் நேரா ஒரு இரும்பு பைப்பை ஸ்பானர்ல சொருகி இழுத்தேன், வெண்ணெய் மாதிரி திரும்புச்சு, ஆஹா கழண்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன், பாத்தா தலை மட்டும் கையில இருக்கு, மிச்சம் அலுமினியத்துக்குள்ள. லேத் பட்டறையில போயி நின்னப்பதான் புரிஞ்சுது, பலம் பத்தாம போனதால இல்ல, பலம் ஜாஸ்தியானதால வந்த வினை அது.

கணக்கு பாத்தா ரொம்ப சிம்பிள். 10 நம்பர் தலை இருக்கற போல்ட்டு பொதுவா எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன், அதை முறுக்கறதே 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையோட அளவு) சுமாருக்குத்தான். அதுக்கு ஒன்றரை மடங்கு போனாலே கழுத்து முறியுற ஆபத்து வந்துடும். ரெண்டு அடி பைப்பு போட்டா அந்த ஒன்றரை மடங்குக்கு ரெண்டரை கிலோ இழுப்பு போதும், அதாவது ரெண்டு விரல். அதே பைப்பை வீல் நட்டுல போட்டா ஒன்னும் ஆகாது, அது 12 மில்லிமீட்டர் ஸ்டட்டு, தாங்கும். அதனால நட்டு பெருசா சின்னதான்னு முதல்ல பாருங்க, பெருசுன்னா நீளமான கம்பி, சின்னதுன்னா பொறுமை. எம்8 ரெண்டுக்கும் நடுவுல, சாதாரண 8.8 கிரேடுன்னா (போல்ட்டோட பலத்தைக் காட்டுற நம்பர்) 25 நியூட்டன் மீட்டர் சுமார், அங்கயும் பைப்பு வேணாம்.

ஏன் பிடிச்சுக்குதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இரும்பு துருப்பிடிச்சா அந்தத் துரு பழைய இரும்பை விட ஜாஸ்தி இடம் எடுத்துக்கும், மரைக்கு நடுவுல இருக்கற கொஞ்சநஞ்ச இடைவெளியும் போயி ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். இது ஒரு ரகம். இரும்பு போல்ட்டு அலுமினியத்துக்குள்ள இருந்து நடுவுல உப்புத்தண்ணி போச்சுன்னா அலுமினியம் அரிச்சு வெள்ளையா மாவு மாதிரி கெளம்பும், இது துருவை விட மோசம். மூணாவது துருவே இல்ல, டயர் கடைக்காரர் ஏர் கன்னை வச்சு டர்ர்ர்னு விட்டது. ஒருதடவை ராத்திரி ரோட்டோரம் பஞ்சராகி நின்னப்ப வண்டியோட வந்த எல் ராடு வளைஞ்சதே தவிர நட்டு அசையல. ஆல்டோ மாதிரி சின்ன மாருதிக்கு வீல் நட்டு 85ல இருந்து 100 நியூட்டன் மீட்டர் போதும், ஒரு அடி ராடுல முப்பது கிலோ அழுத்துனா வந்துடும். பெரிய ஏர் கன் அதைப் போல மூணு மடங்கு சாதாரணமா போகும். அன்னில இருந்து டிக்கியில ரெண்டு அடி பிரேக்கர் பாரும் (சாக்கெட்டு மாட்டுற நீளக் கைப்பிடி) 19 நம்பர் சாக்கெட்டும் இருக்கு, ஐம்பது கிலோ அழுத்துனா 300 நியூட்டன் மீட்டர் வரும், ஏர் கன் காரர் முறுக்குனதும் பெரும்பாலும் அசைஞ்சுடும். வீல் நட்டை வண்டி தரையில நிக்கும்போதே கொஞ்சம் தளர்த்திடுங்க, அப்புறம் ஜாக்கி போடுங்க. ஜாக்கி மேல நிக்கற வண்டியில தொங்கி இழுக்காதீங்க, வண்டிக்கு அடியில போறதுன்னா ஸ்டாண்டு இல்லாம போகவே போகாதீங்க, ஜாக்கி மட்டும் போதும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

சரி, இப்ப துருப்பிடிச்சதுக்கு வருவோம். முதல் வேலை ஸ்பானரே இல்ல, கம்பி பிரஷ்ஷு. நட்டுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற மரையில துரு, சேறு, பெயின்ட்டு எல்லாத்தையும் தேச்சு எடுங்க. எடுக்கலன்னா கழண்டு வர்ற நட்டு அந்த அழுக்குமேல ஏறி பாதி வழியில மறுபடி ஜாம் ஆகும், எண்ணெயும் உள்ள எறங்காது.

அடுத்து எண்ணெய். எல்லாரும் டபிள்யூடி-40 எடுப்போம், நானும் எடுப்பேன், ஆனா அது 1953ல தண்ணிய வெளியேத்தி துருவைத் தடுக்கறதுக்காகக் கண்டுபிடிச்சது, பேர்ல இருக்கற டபிள்யூடிக்கு அர்த்தமே அதுதான். லேசா பிடிச்சதுக்கு போதும். நல்லா இறுகினதுக்கு துருவுக்குள்ள ஊடுருவுறதுக்குன்னே தனி ஸ்ப்ரே விக்குது, அதை வாங்குங்க. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து அடிக்கறவங்க இருக்காங்க, வேலை செய்யுது, ஆனா ரெண்டும் ஒழுங்கா சேராது, ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பத்திக்கும், பெயின்ட்டையும் உரிச்சுடும். பழைய மெக்கானிக்குங்க மண்ணெண்ணெய்லயே முடிச்சுடுவாங்க. எதை அடிச்சாலும் நேரம் குடுக்கணும், அதுதான் யாரும் குடுக்கறதில்ல. அடிச்ச அஞ்சாவது செகண்டு ஸ்பானரைப் போடுறதுக்கு பதிலா ராத்திரி அடிச்சு, காலைல ஒருதடவை அடிச்சு, நடுநடுவுல போல்ட்டு தலையில சுத்தியலால டொக் டொக்னு தட்டி விடுங்க. அந்த அதிர்வுல துரு விரிசல் விடும், எண்ணெய் உள்ள போகும். பலமா அடிக்க வேணாம், கதவு தட்டுற மாதிரி, ஆனா நெறைய தடவை. பிரேக் லைனிங் பக்கம் மட்டும் எண்ணெய் படாம பாத்துக்கோங்க.

ஸ்பானர் விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். ஓபன் ஸ்பானர் நட்டோட ரெண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், பிடிச்ச நட்டுக்கு அது எமன். ஆறு முனை சாக்கெட்டு போடுங்க, பன்னெண்டு முனை வழுக்கிடும். சாக்கெட்டை சுத்தியலால ஒரு தட்டு தட்டி முழுசா அடி வரைக்கும் உக்கார வைங்க. தலை ஏற்கனவே துருவுல தேஞ்சிருந்தா 12 நம்பர் லொடலொடங்கும், 11 நம்பரை அடிச்சு ஏத்தினா கரெக்டா பிடிக்கும்.

எந்தப் பக்கம் திருப்புறதுன்னு கேட்டா சிரிப்பீங்க, ஆனா கீழ படுத்து தலைகீழா பாக்கும்போது மூளை கொழம்பிடும், நானே பத்து நிமிஷம் இறுக்கிட்டு இருந்திருக்கேன். போல்ட்டு தலைக்கு நேரா கண்ணு இருக்கறதா நெனச்சுக்கோங்க, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். காருல எதிர் மரை அபூர்வம்.

இப்பதான் முக்கியமான இடம். கழட்டறதுக்கு முன்னாடி இறுக்குங்க. ஆமா, இறுக்குற பக்கம் ஒரு இம்மி. அந்த லேசான அசைவுலயே துருவோட பிடி விட வாய்ப்பு இருக்கு. டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சுன்னா பாதி ஜெயிச்சாச்சு. அப்புறம் கழட்டுற பக்கம் கால் சுத்து, திரும்ப இறுக்குற பக்கம் அரைக்கால், எண்ணெய், மறுபடி கால் சுத்து. ஒரே மூச்சுல எடுக்காதீங்க, உதிர்ற துருத்தூள் மரைக்குள்ள சேந்து பாதி வழியில பூட்டிக்கும். சுத்தும்போது கிர்ர்ர்னு கத்துனா பரவாயில்ல, அது கழண்டுட்டு இருக்கு. சத்தமே இல்லாம ரப்பர் மாதிரி மெதுவா திரும்புது, விட்டா கொஞ்சம் திரும்பி வருதுன்னா உடனே நிறுத்துங்க, போல்ட்டு கழலல, முறுக்கிக்கிட்டு இருக்கு. அந்த ஃபீலை கைக்குப் பழக்கணும்னுதான் சின்ன போல்ட்டுக்கு நீளக் கம்பி வேணாம்னு சொல்றேன், கம்பி நீளமாக நீளமாக கைக்கு அந்த சேதி வராது.

இதுக்கும் அசையலன்னா சூடு. நட்டைச் சூடு பண்ணணும், போல்ட்டை இல்ல. எம்8 நட்டு 300 டிகிரிக்கு ஏறினா ஓட்டை 0.03 மில்லிமீட்டர் கிட்ட விரியும், தலைமுடி தடிமன்ல பாதிகூட வராது, ஆனா துரு உடையறதுக்கு அது போதும். பூட்டேன் கேன்ல மாட்டுற கை டார்ச் போதும். சூடு ஏறுனதும் ஒரு மெழுகுவர்த்திய மரை ஓரத்துல தொடுங்க, மெழுகு உருகி சர்ருன்னு உள்ள இழுத்துக்கும், ஆறினதும் அதுவே வழுக்க வைக்கும். எனக்கு சைலன்ஸர் நட்டுல ஸ்ப்ரே ரெண்டு நாள்ல செய்யாததை ஒரு அஞ்சு ரூவா மெழுகுவர்த்தி செஞ்சுது. ஆனா எல்லா இடத்துலயும் டார்ச் எடுக்க முடியாது. பெட்ரோல் பைப்பு, டேங்கு, பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், பேரிங் பக்கத்துல கூடவே கூடாது. எண்ணெய் அடிச்சிருந்தா தொடச்சுட்டு பத்த வைங்க, பக்கத்துல மண்ணு வாளி இருக்கட்டும், கண்ணுக்கு கண்ணாடி. பிரேக் கிளீனர் சிலதுல குளோரின் கலந்திருக்கும், அது இருக்கற இடத்தைச் சூடாக்குனா போஸ்ஜீன்னு விஷ வாயு வரும், விளையாட்டு இல்ல. சஸ்பென்ஷன், ஸ்டியரிங் போல்ட்டை சிவக்கச் சூடு பண்ணிருந்தா கழட்டிட்டு தூக்கிப் போட்டுடுங்க, அதோட பதம் போயிருக்கும்.

சில இடத்துக்கு தனித்தனி சங்கதி இருக்கு. பிரேக் டிரம்மு ஹப்போட ஒட்டிக்கிச்சுன்னா சுத்தி சுத்தி அடிக்காதீங்க, டிரம் முகத்துல ரெண்டு மரை ஓட்டை இருக்கும் பாருங்க, துருவுல மூடியிருக்கும், குத்தி எடுத்து ரெண்டு எம்8 போல்ட்டை போட்டு மாத்தி மாத்தி அரை சுத்து இறுக்குனா டிரம்மு தானா வெளிய தள்ளிட்டு வரும். ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு செய்யணும், நான் ஒருதடவை போட்டு வச்சுக்கிட்டே அரைமணி நேரம் மல்லுக்கட்டுனேன். பிரேக் காத்து எடுக்கற நிப்பிள் உள்ள ஓட்டையா இருக்கும், சீக்கிரம் முறியும், அதுக்கு எண்ணெயும் தட்டுறதும் மட்டும்தான், முரட்டுத்தனம் கூடாது. சைலன்ஸர் பைப்புல இருக்கற ஆக்ஸிஜன் சென்சாருக்கு வயர் போக வெட்டு இருக்கற 22 நம்பர் சாக்கெட்டு, இன்ஜின் வெதுவெதுன்னு இருக்கும்போது. ஸ்பார்க் பிளக்கு அதுக்கு நேர் எதிர், இன்ஜின் ஆறுன பிறகுதான், சூட்டுல எடுத்தா அலுமினிய ஹெட்டோட மரை கூடவே வரும். நட்டெல்லாம் எடுத்தும் வீலு வரலன்னா நட்டை லேசா திரும்ப மாட்டி, தளர்வா விட்டு, வண்டிய தரையில ரெண்டடி முன்ன பின்ன நகத்துங்க, படக்குன்னு விட்டுடும். ஸ்டார் ஸ்க்ரூவுக்கு சுத்தியலால அடிச்சா திரும்புற இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர்னு ஒன்னு இருக்கு, சாதா டிரைவர்ல தலைய தின்னு முடிக்கறதுக்கு முன்னாடி அதை வாங்கிடுங்க.

தலை முழுசா வழுவழுன்னு ஆயிடுச்சா, அரத்தால ரெண்டு பக்கம் தேச்சு தட்டையாக்கி வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கிற பிளையர்) போடலாம், இல்ல உள்பக்கம் சுருள் பல்லு இருக்கற எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டை அடிச்சு ஏத்தலாம். நட்டுதான்னா உளியால ஒரு பக்கத்தைப் பொளந்துடுங்க, புது நட்டு விலை சில ரூவாதான். உடைஞ்சு உள்ள நின்னுட்டா, உடைஞ்ச முனை மேல ஒரு நட்டை வச்சு வெல்டு வைக்கச் சொல்லுங்க, பிடிக்கறதுக்குத் தலையும் கெடைக்கும், வெல்டிங் சூட்டுல துருவும் விடும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. வெல்டு வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி டெர்மினலைக் கழட்டிடுங்க. ஓட்டை போட்டு உள்ள சொருகுற ஈஸி அவுட்டை சின்ன போல்ட்டுக்கு நான் தொடமாட்டேன், அது உள்ள உடைஞ்சா சாதா டிரில் பிட்டு ஏறாது, கதை கந்தல்.

திரும்ப மாட்டும்போது மரைய பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, கையால முழுசா ஏறுதான்னு பாத்துட்டு, காப்பர் ஆன்ட்டி சீஸ் (மரை பிடிச்சுக்காம இருக்கத் தடவுற செம்பு பேஸ்ட்) துளி தடவுங்க. தடவுன மரை வழுக்கும், அதே டார்க் (முறுக்கு விசை) வச்சா ஜாஸ்தி இறுகும், அதனால கொஞ்சம் கம்மியா முறுக்கணும். வீல் நட்டுக்கு நான் தடவறதில்ல, ஹப் முகத்துல மட்டும் லேசா. நட்டு மாட்டுனதும் டயர் கடையிலயே நின்னு கையால முறுக்கச் சொல்லிடுவேன், அவர் மொறைப்பாரு, மொறைக்கட்டும்.