ஆண்டுக் கணக்கில் காணாமல் போகும் நிலத்தடி நீர்

கோவைப் பக்கம் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் வெயில் உறிஞ்சக்கூடிய நீரோ அதைப்போல இரு மடங்குக்குக் குறையாது. நிலத்தடிக்கு எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, மழையிலிருந்து இதைக் கழித்தால் விடை மைனஸ்; நிலத்தடிக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை என்றாகிவிடும். ஆனால் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு கிணறு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோம். அப்படியானால் தவறு கணக்கில்தான்.

பெரிய தவறு, ஆண்டாகவோ மாதமாகவோ மொத்தமாகக் கழிப்பது. ஒரு செம்மண் நிலத்தை எடுத்துக்கொள்வோம். வேர் ஆழம் வரை மண் 100 மி.மீ. நீரைப் பிடித்து வைக்கும். இப்போது இருப்பது 40. அக்டோபரில் 160 மி.மீ. மழை, வெயில் கேட்பது 120. மாதக் கணக்கில் மிச்சம் 40; அதை மண்ணே குடித்துவிடும், கீழே இறங்குவது பூஜ்யம். சரி, இனி நாள் கணக்குப் போடுவோம். அந்த மழையில் 130 மி.மீ. மாதத் தொடக்கத்தில் இரண்டே நாளில் கொட்டியது. ஓடையில் 25 போனது, ஆவியாக 8. மண்ணின் குறை 60. மீதி 37 மி.மீ. வேரைத் தாண்டி இறங்கிவிட்டது. ஒரு ஹெக்டேருக்கு 3,70,000 லிட்டர்!

அடுத்தது, வெயில் கேட்டதெல்லாம் கிடைத்ததாக எழுதுவது. காய்ந்த மண்ணில் பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்; கோடையில் உண்மை இழப்பு மிகக் குறைவு. வானிலை நிலையத்துத் திறந்த தொட்டியில் ஆவியாகும் நீரின் அளவை அப்படியே போடுவதும் இதே வகைதான். அதைச் சுமார் 0.7-ஆல் பெருக்கிய பிறகே பயிர்க் கணக்குக்கு எடுக்க வேண்டும். அப்புறம், ஓடைநீரைக் கழிக்க மறப்பவர்களும் உண்டு.

எல்லாம் கழித்த மிச்சத்தை அப்படியே நம்புவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. 600 மி.மீ. மழையில் 540 ஆவியானது என்றால் மிச்சம் 60. ஆவிக் கணக்கில் பத்து சதவீதம் பிசகினால், அந்தப் பிசகே 54. மிச்சம் மொத்தமும் ஆட்டம் கண்டுவிடும். அதனால் கிணற்றோடு ஒப்பிட்டே தீர வேண்டும். இறைக்காத கிணறாகப் பாருங்கள். பாறைப் பகுதியில் நீர்மட்டம் 3 மீட்டர் ஏறியிருந்து, பாறை இடுக்குகள் நீர் தரும் அளவு பாறையின் கன அளவில் 2 சதவீதம் என்றால், சேர்ந்தது 60 மி.மீ. ஆற்று மணலுக்கான 15 சதவீதத்தை இங்கே போட்டால் அதே ஏற்றம் 450 மி.மீ. ஆகிவிடும். பக்கத்தில் ஏரியோ வாய்க்காலோ இருந்தால், அந்தக் கசிவும் கிணற்றில் சேர்ந்திருக்கும். அதை மழைக் கணக்கில் எழுதக் கூடாது.