பண்ணை உயிர்களிடம் இரக்கம்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெந்து என்ற தவக்கால நாட்கள் முடிந்த பிறகும் கறிக்கடைப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிற கிறிஸ்தவர்கள் நம்மிடையே உண்டு. உடல்நலத்துக்காகவோ செலவுக்குப் பயந்தோ எடுத்த முடிவல்ல அது. பண்ணைகளில் அடைபட்டுக் கிடக்கும் உயிர்களை நினைத்து எடுத்த முடிவு. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதைச் சபையில் எடுத்துச் சொல்லும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நஷ்டம் வாயில்லா ஜீவன்களுக்கு.

அவற்றில் பெரிய தவறு, மரக்கறி உணவைத் தூய்மையின் அடையாளமாகப் பேசுவது. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே மனிதரை உயர்த்தியும் தாழ்த்தியும் வந்த ஊர் நம்முடையது. மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுவது இன்றும் நடக்கிறது. அந்த அவமானத்தை உதறிவிட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் சபைகளில் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் முன் நின்று ‘கறி தின்பது அசுத்தம்’ என்றால், பழைய ஏச்சுதான் வேத வசனத்தோடு வருகிறது என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்வதில் நியாயமும் இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் டி நொபிலி இறைச்சியை விட்டார், காவி உடுத்தினார், சோறும் காய்கறியும் பாலுமாக வாழ்ந்தார். உயர்சாதியினர் தம்மைப் ‘பரங்கி’ என்று ஒதுக்காமல் தம் போதனையைக் கேட்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆட்டையும் கோழியையும் பற்றிய கவலை அதில் இல்லை. அந்த வழியில் வந்த மரக்கறி உணவையும் விலங்குகள் மேல் கொண்ட இரக்கத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ‘வாய்க்குள்ளே போகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது’ என்று இயேசுவே சொல்லிவிட்ட பிறகு தீட்டுப் பேச்சுக்கு நம்மிடம் இடமே இல்லை. ஆட்டையும் கோழியையும் பற்றிப் பேசாமல் மாட்டிறைச்சியை மட்டும் தனியே கண்டிப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்தான்.

அடுத்து, வேதத்தில் இல்லாததைச் சொல்வது. இயேசு மரக்கறி மட்டுமே உண்டார் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். உயிர்த்தெழுந்த பின் சீஷர்களுக்கு முன்பாக அவர் பொரித்த மீனை உண்டதை லூக்கா எழுதியிருக்கிறார். கையில் வேதாகமம் உள்ள யாரும் அதை எடுத்துக் காட்டிவிடுவார்கள். அதோடு உங்கள் பேச்சு முடிந்தது. தானியேல் பருப்பும் மரக்கறியும் கேட்டது ராஜாவின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தாமல் இருக்க. அதிலும் விலங்கு வரவில்லை. வேதம் உண்மையில் சொல்வதே நமக்குப் போதும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதருக்கும் மிருகங்களுக்கும் உணவாகக் கொடுக்கப்பட்டவை பயிர் பச்சைகளே. ஒன்பதாம் அதிகாரத்தில், வெள்ளத்துக்குப் பிறகு, இறைச்சிக்கு அனுமதி வருகிறது. அனுமதிதான், கட்டளை அல்ல. ஏசாயா கண்ட பரிசுத்த பர்வதத்தில் தீங்கு செய்வார் எவருமில்லை. சிங்கமே வைக்கோல் தின்கிறது. இடைப்பட்ட காலத்தில் வாழும் நாம் அந்த அனுமதியை எவ்வளவு தூரம் இழுக்கப் போகிறோம் என்று கேட்பது நேர்மையான கேள்வி.

இறைச்சியை ஆதரிக்கும் மறுபக்கத்தாரும் வசனத்தைத் தவறாகவே கையாளுகிறார்கள். ஆதியாகமத்தில் மனிதருக்குச் சொன்ன ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்ற சொல்லைக் கொண்டு எல்லாவற்றையும் நியாயப்படுத்துகிறார்கள். எல்லா மிருகங்களையும் காட்டி ‘அடித்துப் புசி’ என்று பேதுருவுக்குச் சொன்ன தரிசனத்தை எடுத்து வீசுகிறார்கள். எந்த மனுஷனையும் அசுத்தனென்று சொல்லாதே என்பதே அதன் பொருள் என்று யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் பேதுருவே விளக்கிவிடுகிறார். கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்கள், ‘தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?’ என்று பவுல் கேட்டதைக் காட்டுவார்கள். இதற்குத் தயாராக இருங்கள். பவுல் அங்கே மாட்டுக்குரிய நியாயத்தை ஊழியனுக்கும் நீட்டுகிறார். மாட்டிடமிருந்து அதைப் பறிக்கவில்லை. ‘போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக’ என்ற கட்டளை அப்படியே நிற்கிறது. ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு. பகைஞனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் உதவியே ஆக வேண்டும். நினிவே நகரத்தைத் தப்பவிட்டதற்குக் காரணம் சொல்லும்போது கர்த்தர் அங்கிருந்த மிருகஜீவன்களையும் சேர்த்துச் சொல்கிறார்.

நல்ல மனதுள்ளவர்களே செய்யும் ஒரு தவறு இருக்கிறது. ஆட்டிறைச்சியை நிறுத்திவிட்டுக் கோழிக்கும் முட்டைக்கும் மாறுகிறார்கள், பாதி வழி வந்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டில் சுமாராகப் பத்துக் கிலோ இறைச்சி கிடைக்கும்; அதே அளவுக்கு ஆறு ஏழு பிராய்லர் கோழிகள் வேண்டும். ஆடு பெரும்பாலும் வெயிலில் மேய்ந்து வளர்ந்தது. பிராய்லர் கோழியோ ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும்படி உருவாக்கப்பட்ட இனம். கடைசி நாட்களில் பல கோழிகளின் கால்கள் சொந்த உடலைத் தாங்குவதில்லை. நாமக்கல்லின் முட்டைக் கோழி கம்பிக் கூண்டில் நிற்கிறது. அதன் பங்குக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடக் குறைந்த இடம். சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. முட்டையிடும் இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகள் யாருக்கும் பயன்படாதவை. முதல் நாளிலேயே கழிக்கப்படுகின்றன. திருவிழாக் கடைகளில் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி விற்கிறார்களே, அவை பெரும்பாலும் இந்தக் குஞ்சுகள்தான். குழந்தை ஆசைப்படுகிறது என்று வாங்கிக் கொடுக்கிறோம். சில நாட்களில் செத்துவிடுகின்றன. எதையாவது முதலில் விடுவதென்றால் இந்த முட்டையையும் கோழியையும்தான் விட வேண்டும்.

இதற்காகப் பண்ணைக்காரரைக் கொலைகாரர் என்று ஏசுவது அநியாயம். பல்லடம் பக்கத்தில் ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் நிறுவனம் தருவது. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி, தலைமேல் இருப்பது கொட்டகைக் கடன். அவரும் உங்கள் சபையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இது மேல்நாட்டு நவீன மோகம் என்று ஒதுக்குவோருக்கு எத்தியோப்பியத் திருச்சபையைச் சொல்லுங்கள். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் நோன்பிருக்கிறார்கள். கடலை மாவில் செய்யும் ஷிரோ என்ற குழம்பு அவர்களுடைய அன்றாட உணவு. லண்டனில் 1824இல் உலகின் முதல் விலங்குவதைத் தடுப்புச் சங்கங்களில் ஒன்றைத் தொடங்கியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கும் போனார். அவருக்குப் பின் சங்கத்தைத் தாங்கி நிறுத்தியவர் லூயிஸ் கொம்பர்ட்ஸ் என்ற யூதர். இது கிறிஸ்தவக் கொள்கையில் நிற்கும் சங்கம் என்று 1830களில் தீர்மானம் போட்டு அவரை வெளியேற வைத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. இரக்கம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று பேசுவதும் தவறுதான்; ஜீவகாருண்யத்தைத் தலைமேல் வைத்த வள்ளலாரின் வடலூர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உடம்பைக் கவனிக்காமல் விடாதீர்கள். சோறும் ரசமும் உருளைக்கிழங்கும் போதாது. பயறு, கொண்டைக்கடலை, எள், கேழ்வரகு, கீரை தினமும் தட்டில் வர வேண்டும். பாலையும் விட்டவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையைக் கட்டாயம் எடுக்க வேண்டும். அது பயிர்களில் இல்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்டே மாறட்டும்.

சபையில் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு அறுப்பின் பண்டிகையைச் சொல்வேன். காணிக்கையாக வரும் கோழிகள் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கி வரப்படுகின்றன. ஏலம் முடியும் வரை பெஞ்சின் அடியில் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கின்றன. கூடையும் ஒரு சட்டி தண்ணீரும் வைக்க யாருடைய இறையியலும் மாற வேண்டியதில்லை. அடுத்த அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, ஆட்டுக்குப் பதில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சாம்பார் வைக்கலாமா என்று கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அடுத்த வருடமும் கேளுங்கள்.